விதைப்புக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உள்ளூர் உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பெரும்பாலும் தூரத்தைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். உணவு எத்தனை கிலோமீட்டர் கடந்து நம் தட்டுக்கு வருகிறது என்ற கேள்வி தேவையானதுதான். ஆனால் அது முதற்கேள்வி அன்று. விமானத்தில் வருபவை போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான உணவுப் பொருள்களால் வெளியாகும், புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவே. நிலத்தை எப்படிப் பயன்படுத்தினோம், எந்த முறையில் விளைவித்தோம், எவ்வளவை வீணாக்கினோம் என்பவற்றுக்கே அதில் கூடுதல் பங்குண்டு. ஆகவே, அருகில் விளைந்தது என்ற ஒரே காரணத்தால் ஓர் உணவு சுற்றுச்சூழலைக் கெடுக்காத நீடித்த தன்மை பெற்றுவிடாது. நான் முதலில் வைக்க விரும்பும் கேள்வி வேறு: விளைச்சல் பொய்த்தால் இழப்பு யார் தலையில் விழுகிறது?

மழை தவறினாலும் உழவருக்கே நட்டம். விளைச்சல் பெருகி விலை சரிந்தாலும் அவருக்கே நட்டம் என்பதுதான் இன்றைய நடைமுறை. இந்தச் சுமையைத் தனியே தாங்கும் ஒருவரிடம், மண்ணைக் காக்க வேண்டும், நஞ்சைக் குறைக்க வேண்டும், பல பயிர்களைக் கலந்து வளர்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. சுமையைப் பங்கிட்டுக்கொள்ள உண்பவர்கள் முன்வந்தால்தான் அவருக்கு மாற்றத்தை முயன்று பார்க்கும் துணிவு வரும். சமூகத்தின் கூட்டுச் செயல் என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

இது வெறும் கனவு அன்று. பூச்சிக்கொல்லிகளையும் தொழிற்சாலை மாசையும் கண்டு கவலையுற்ற ஜப்பானிய நுகர்வோரும் உழவரும் 1970களில் 'தேய்க்கெய்' என்னும் நேரடி உடன்பாட்டு முறையை வளர்த்தெடுத்தனர். 1971இல் தோன்றிய ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம், 1978இல் அதற்கான பத்து நெறிகளை வகுத்தது. என்ன பயிரிடுவது, எவ்வளவு பயிரிடுவது என்பதை இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்யும். விலையும் பேசியே தீர்மானிக்கப்படும். விளைந்த அனைத்தையும் நுகர்வோர் ஏற்றுக்கொள்வர். 'அனைத்தையும்' என்ற அந்த நிபந்தனையில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. கோணலாக வளர்ந்த கிழங்கும் வரும். ஒரே கீரை மூன்று வாரம் தொடர்ந்தும் வரும். அதற்கேற்பச் சமையலை மாற்றிக்கொள்ள இசையும் வீடுகள் இல்லையென்றால், எந்த உடன்பாடும் அடுத்த பருவத்தைத் தாண்டாது.

1986இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தொடங்கிய டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு சென்றது. உழவர்கள் அந்த ஆண்டின் மொத்தச் செலவுக் கணக்கை உறுப்பினர் முன் வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைத் தருவதாக உறுதி கூறும். கூட்டிப் பார்க்கும்போது தொகை போதாவிட்டால், இன்னும் கொஞ்சம் தர இயலுமா என்று மறுபடியும் ஒரு சுற்றுக் கேட்பார்கள். வசதி குறைந்த குடும்பம் குறைவாகத் தந்தும் நிறைவாக உண்ணலாம். காய்கறிக்கு விலை குறிக்காமல் பண்ணையின் ஓராண்டு வாழ்வுக்கே பொறுப்பேற்கும் இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் நல்லெண்ணம் மட்டுமே மூட்டைகளைச் சுமந்துவிடாது. அறுவடையைத் தரம் பிரிக்கவும், குளிரில் பாதுகாக்கவும், வண்டியில் ஏற்றவும், கணக்கு எழுதவும் ஆட்கள் வேண்டும். இந்த வேலைகளை முழுக்கத் தன்னார்வலர்களிடம் ஒப்படைக்கும் குழுக்கள், ஆரம்ப ஆர்வம் தணிந்ததும் ஆளின்றித் திணறுகின்றன. இவற்றுக்கான கூலியை முதல் நாளிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்; அது நேர்மையும்கூட.

தனிப்பட்ட குடும்பங்கள் மட்டும் சேர்ந்து ஒரு வட்டாரத்தின் உணவையே மாற்றிவிட முடியாது. பொதுப்பணமும் அந்தத் திசையில் திரும்ப வேண்டும். பள்ளி உணவுக்காக நடுவண் அரசு வழங்கும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கொண்டு குடும்ப உழவர்களிடம் கொள்முதல் செய்ய வேண்டும் என்று பிரேசில் 2009இல் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே, 1993இல், அந்நாட்டின் பெலோ ஒரிசோன்ட்டே நகராட்சி உணவைக் குடிமக்களின் உரிமையாக ஏற்று, மக்கள் உணவகங்களில் குறைந்த விலையில் உணவு வழங்கியதுடன், சிற்றுழவர்கள் நகருக்குள் நேரடியாக விற்க இடமும் ஒதுக்கியது. உழவருக்குக் கட்டுப்படியாகும் விலையும் ஏழைக்கு எட்டும் விலையும் ஒன்றாக அமையாது என்று நம்மிடம் அடிக்கடி சொல்லப்படுகிறது. சந்தையை மட்டும் நம்பியிருந்தால் அது மெய்தான். இடையிலுள்ள இடைவெளியைப் பொதுநிதி நிரப்பும்போது நிலை மாறும். அந்த நிதியைக் கேட்டுப் பெறுவதும் சமூகத்தின் வேலையே.

ஆகவே, இந்த முயற்சியில் இறங்க விரும்பும் குழுவினரிடம் நான் கேட்பது ஒன்றுதான். விற்பனைக்கு நாள் குறிக்கும் முன், விதைப்புக்கு முந்தைய மாதத்தில் உழவரோடு அமர்ந்து பேசுங்கள். பாதி விளைச்சல் போனால் யார் எவ்வளவு ஏற்பது, கொள்முதல் பணத்தில் எந்தப் பகுதியை முன்பணமாகத் தருவது, பணம் கட்ட இயலாத குடும்பத்தின் பங்கை எப்படி ஈடுகட்டுவது ஆகிய மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே முதல் விதை மண்ணில் விழட்டும்.