ஃபெஞ்சல் புயல் ஏன் நகராமல் நின்றது?

வணக்கம் மக்களே. மலேசியாவில், பினாங்கின் பாடாங் கோத்தாவில் கடலோரமாக உட்கார்ந்திருக்கிறேன். மைக்கில் காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்குப் பேச்சே காற்றைப் பற்றித்தான்.

நாகப்பட்டினத்துச் சித்தி நவம்பர் வந்தால் போன் போடுவார். "புயல் இங்கே வருமா, ஆந்திராவுக்குப் போயிடுமா?" வருடா வருடம் இதே கேள்வி. நானும் ஃபோனில் அந்தச் சுழலையே பார்த்துக்கொண்டிருப்பேன். தப்பு அங்கேதான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் இங்கே பினாங்கில் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறதே, அது தானாகவா போகிறது? இழுத்தால்தான் நகரும். புயலும் அப்படித்தான். சுழல்வது அதன் சொந்த வேலை. எங்கே போவது என்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் உயர் அழுத்தத்தின் கையில், அதாவது காற்றழுத்தம் கூடுதலாக இருக்கும் பகுதியின் கையில்.

நம் வட அரைக்கோளத்தில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள் போல வலமாகச் சுற்றும். புயலுக்கு வடக்கே அது உட்கார்ந்துவிட்டால், அதன் தென் ஓரத்துக் காற்று புயலை மேற்கே தள்ளும். 2018இல் கஜா அப்படித்தான் போனது. தாய்லாந்து வளைகுடாவில் தொடங்கி, நம் மலாய் தீபகற்பத்தைத் தாண்டி, நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. சித்தி வீட்டுத் தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதே உயர் அழுத்தம் கிழக்கே இருந்தால் கதை வேறு. புயல் அதன் மேற்கு ஓரத்தைப் பிடித்து வடக்கே ஏறிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்துவிட்டு, ஆந்திராவில் பாபட்லா அருகே கரை சேர்ந்தது.

சரி, ஃபெஞ்சல்? ரதத்தை முன்னால் பாதிப் பேர், பின்னால் பாதிப் பேர் இழுத்தால் என்ன ஆகும்? அதேதான். இரண்டு உயர் அழுத்தங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்டு, பல மணி நேரம் அசையவே இல்லை. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. என்னைக் கேட்டால் வேகமாகப் போகும் புயலைவிட நிற்கும் புயலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

இன்னொன்று, தரைக்காற்றைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்துக் காற்று வரைபடத்தைப் பாருங்கள், இழுப்பவர் அங்கேதான் இருப்பார்.

மலேசியாவில் நமக்குப் புயல் வராதா என்றால், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயல் சுழல்வதே கடினம். ஆனாலும் 2001 டிசம்பரில் வாமெய் ஜொகூருக்கு வந்திருக்கிறது.

இதையெல்லாம் வரைபடத்தோடு சித்திக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "அதெல்லாம் சரிப்பா. மாடியில கருவாடு காயுது, எடுக்கவா வேணாமா?"