24 கட்டம், 31 பெயர்: அல்சூரில் எங்கள் துணிக் கண்காட்சி

வணக்கம் மக்களே. நான் இப்போது அல்சூரில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஹாலில் நிற்கிறேன். பின்னால் நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு விரித்திருக்கிறோமே, அதுதான் எங்கள் தையல் குழு சேர்ந்து செய்த, நீங்கள் கமெண்டில் கேட்டுக்கொண்டே இருந்த துணி. நாளைக்குச் சுவரில் ஏறுகிறது. ஏறிவிட்டால் இவ்வளவு கிட்டத்தில் காட்ட முடியாது. அதனால்தான் இன்றைக்கே கேமராவோடு வந்துவிட்டேன்.

அகலம் 9 அடி, உயரம் 6 அடி. மொத்தம் 24 கட்டங்கள், ஒவ்வொன்றும் 18 அங்குலச் சதுரம். தலைப்பு ஒன்றுதான்: பெங்களூரில் காலை எட்டு மணி. அவரவர் இருக்கும் இடத்தில் எட்டு மணிக்கு என்ன தெரிகிறதோ, அதைத் துணியில் கொண்டுவர வேண்டும். அளவும் நேரமும் மட்டும் எல்லோருக்கும் பொது. நிறம், தையல், துணி எல்லாம் அவரவர் இஷ்டம். குழுவில் தமிழ் பேசுபவர்கள்தான் அதிகம். அல்சூர், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், ஆஸ்டின் டவுன் பக்கத்துக்காரர்கள். கன்னடம், உருது, தெலுங்கு பேசும் அக்காமார்களும் இருக்கிறார்கள்.

இதோ பாருங்கள், இது சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பூக்கடை. இந்தச் செவ்வந்தி முழுக்க முடிச்சுத் தையல். விரலால் தடவினால் மணல் மாதிரி கரகரவென்று இருக்கிறது. அடுத்தது மெட்ரோ. ஊதா லைன் என்பதால் பழைய பட்டுப் புடவையின் ஊதா பார்டரை வெட்டி ரயிலாக வைத்திருக்கிறார்கள். தூணுக்குச் சாம்பல் நிற வேட்டித் துணி. இது தண்ணீர் லாரிக்கு முன்னால் குடங்கள். குடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நைட்டித் துணியில் இருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும். கீழே இருப்பது பால் பாக்கெட். நிஜமான நந்தினி பாக்கெட்டையே கழுவிக் காயவைத்து, வெட்டி, மேலே மெல்லிய நெட் துணி போட்டுத் தைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் ஊசி நேராக ஏறினால் கிழிந்துவிடும், அதற்குத்தான் அந்த நெட்.

சரி, இந்தக் கட்டத்தில் கொஞ்சம் நிற்கலாம். முழுக்க முழுக்க சட்டைக் காலர்கள். வெள்ளை, நீலம், கோடு போட்டது. நடுவில் ஒரே ஒரு மனித முகம், அதுவும் பின்பக்கமாகத் திரும்பி நிற்கிறது. இதைச் செய்த அக்கா பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் பல வருடம் காலர் மட்டும் தைத்தவர். உங்களில் பலருக்கு இந்த வேலை தெரிந்திருக்கும். பெங்களூரில் பீன்யா, மைசூர் ரோடு, பொம்மனஹள்ளி என்று எங்கே பார்த்தாலும் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிகள். உள்ளே வேலை செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஒரு சட்டையை ஒருவர் தைப்பதில்லை. லைன் போட்டிருப்பார்கள். ஒருவருக்குக் காலர், ஒருவருக்குக் கஃப், ஒருவருக்குப் பக்கத் தையல், ஒருவருக்குப் பட்டன் ஓட்டை. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட், அது குறைந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். சட்டை முழுசாக முடிந்து எப்படி இருக்கிறது என்று லைனின் நடுவில் இருப்பவர் நின்று பார்க்க நேரம் இருக்காது.

அந்த அக்கா எங்கள் குழுவுக்கு வந்தபோது, "எனக்குக் காலர் தவிர வேறொன்றும் தெரியாதும்மா" என்றார். அப்படியானால் காலரையே தையுங்கள் அக்கா என்றோம். அவர் தைத்ததுதான் இது. இந்த 24 கட்டங்களில் தையல் நேர்த்தி என்று பார்த்தால் இதற்கு மேல் எதுவும் கிடையாது. வளைவு பாருங்கள், ஒரு இடத்திலும் சுருங்கவில்லை.

பக்கத்தில் இருப்பதும் கார்மெண்ட்ஸ் அக்கா ஒருவருடையதுதான். 2016 ஏப்ரல் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பிஎஃப், அதாவது சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் வருங்கால வைப்பு நிதிப் பணத்தை எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஓசூர் ரோட்டில் இறங்கினார்கள். தும்கூர் ரோட்டிலும் இறங்கினார்கள். ஊர் ஸ்தம்பித்தது. இரண்டாம் நாளே, ஏப்ரல் 19ஆம் தேதி, அந்த விதியை அரசு திரும்பப் பெற்றது. அந்த ரோட்டைத்தான் இங்கே தைத்திருக்கிறார். தலைகள் எல்லாம் சின்னச் சின்ன முடிச்சு, துப்பட்டாக்கள் எல்லாம் ஃபேக்டரி வெட்டுத் துண்டு. அவருக்குக் காலை எட்டு மணி என்றால் வருவது அந்த நாள்தானாம்.

இன்றைக்கு நான் பேச வந்த விஷயமும் இவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. பெயர்.

நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி பெயர் இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும், எந்தச் சூட்டில் அயர்ன் செய்யலாம் என்பதுகூட இருக்கும். தைத்தவர்கள் யாருடைய பெயரும் இருக்காது. அது வியாபாரம், சரி. ஆனால் கண்காட்சியிலும் அப்படியே நடந்தால்? எங்கள் குழுவின் ஒரு சின்ன வேலை முன்பு வேறொரு இடத்தில் வைக்கப்பட்டது. பக்கத்தில் ஒரு அட்டை: "பெண்கள் குழு, பெங்களூரு." ஏற்பாடு செய்தவரின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. காலர் அக்கா அந்த அட்டையைப் படித்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் நகர்ந்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

துணி வேலையில் இது ரொம்பப் பழைய பழக்கம். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் தேரில் உருளையாகத் தொங்குமே தொம்பை, தேரைச் சுற்றிக் கட்டும் தேர்ச்சீலை, அந்த ஒட்டுத்துணி வேலைக்கு இணை இல்லை. சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள் எல்லாம் வெட்டி ஒட்டித் தைத்து, யாளியும் தாமரையும் ஆடும். தேர் பார்க்க வரும் கூட்டத்தில் அதைத் தைத்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்? மியூசியத்தில் பழைய துணி முன்னால் போய் நின்றாலும் நூற்றாண்டு இருக்கும், ஊர் இருக்கும், செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

பெயரைத் தானே தைத்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஜோகா என்ற இடத்தில் குருசதய் மியூசியம் இருக்கிறது. அதில் 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று. பழைய துணிகளை அடுக்கி ஓடுதையல் போடும் வங்காளத்து வேலைதான் காந்தா. மானதாசுந்தரி தாசி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்தது. தன் பெயரையும் யாருக்காகத் தைத்தேன் என்பதையும் நூலாலேயே எழுதி வைத்துவிட்டார். அதனால்தான் இன்றைக்கு நான் அவர் பெயரை உங்களிடம் சொல்ல முடிகிறது.

கூட்டாகச் செய்த வேலை என்று வரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் எய்ட்ஸ் குவில்ட், எய்ட்ஸால் இறந்தவர்களுக்காகத் தைத்த ஒட்டுப்போர்வை. 1985இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மெழுகுவர்த்தி ஊர்வலம். க்ளீவ் ஜோன்ஸ் என்பவர், எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர்களை அட்டையில் எழுதச் சொல்லி, ஒரு அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்ட வைத்தார். சுவர் முழுக்க அட்டைகள் நிறைந்தபோது, அவர் கண்ணுக்கு அது ஒட்டுப்போர்வை மாதிரி தெரிந்திருக்கிறது. அதில் பிறந்த யோசனைதான். ஒரு ஆளுக்கு ஒரு துண்டு, அளவு 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. 1987 அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டனில் திறந்தவெளியில் முதல் முறை விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. இன்றைக்கு 50,000 அளவில் இருக்கின்றன, மொத்த எடை 54 டன். அந்த நோயின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் பயந்த காலம் அது. அப்போது பெயரைப் பெரிதாகத் துணியில் தைத்து ஊர் நடுவில் விரித்தார்கள். அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயரே "பெயர்கள்" என்றுதான் தொடங்கும். அது இறந்தவர்களுக்கான துணி, எங்களுடையது உயிரோடு இருப்பவர்களுடையது. பெயர்தான் துணியைத் தாங்குகிறது என்பதை அதில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் எங்கள் குழுவில் பெரிய விவாதம். யார் யார் பெயரைப் போடுவது? கட்டம் செய்தவர்கள் 24 பேர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 24 கட்டங்களையும் சேர்த்து, நடுவில் பஞ்சுத் தாளும் பின்னால் காடாத் துணியும் வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்து ஓடுதையல் போட்டவர்கள் மூன்று ஆன்ட்டிகள். அதில் ஒருவர் தார்வாட் பக்கத்துக்காரர், கௌதி தைத்துப் பழகிய கை. பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் வடகர்நாடகப் போர்வைதான் கௌதி. அவர்கள் கட்டம் எதுவும் செய்யவில்லை. சரி, இந்தத் துணியைத் திருப்பிக் காட்டுகிறேன், கொஞ்சம் பிடியுங்கள் அக்கா. பார்த்தீர்களா? முன்பக்கம் படம், பின்பக்கம் முழுக்க அந்த மூன்று பேரின் கையெழுத்துதான் ஓடுகிறது. இவர்களை எப்படி விட முடியும்?

வரையத் தெரியாதவர்களுக்கு அவுட்லைன் போட்டுக் கொடுத்த கல்லூரிப் பெண் ஒருத்தி. ஓரத்துப் பைண்டிங்கைத் தன் மெஷினில் போட்டுக் கொடுத்த டெய்லர் அண்ணன் ஒருவர். அதோடு, கட்டம் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நின்ற இரண்டு பேர். ஒருவருக்கு மாமியார் உடம்புக்கு முடியாமல் போனது, இன்னொருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டார். அவர்களுடைய கட்டங்களை வேறு ஆட்கள்தான் முடித்தார்கள். "பாதியில் விட்டவர்களுக்கு எதற்குப் பெயர்?" என்று ஒருவர் கேட்டார். தையலைப் பிரித்துப் பார்த்தால் அவர்கள் போட்ட தையல் இன்னும் உள்ளே இருக்கிறதே, அது இருக்கிறவரை பெயரும் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். ஆக 24, 3, 1, 1, 2. மொத்தம் 31.

எல்லோரும் இதே கருத்து என்று நினைக்காதீர்கள். ரிட்டயர்டு டீச்சர் அம்மா ஒருவர், "வேலை பேசினால் போதும், பேர் எதற்கு? கோயில் சிற்பி பேர் போட்டானா?" என்றார். அவர்மேல் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனாலும், பெயர் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க, முதலில் பெயர் கேட்கும் வாய்ப்பாவது கிடைத்திருக்க வேண்டும். காலர் அக்காவுக்கு அது கிடைத்ததே இல்லை. டீச்சர் அம்மா கடைசியில் தன் பெயரையும் கொடுத்தார், இனிஷியலோடு.

இதோ அந்தப் பெயர்த் துணி, தனியாக ஒரு பட்டை. அச்சடிக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே பென்சிலால் எழுதி, அதன்மேல் காம்புத் தையல் போட்டார்கள். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, இங்கிலீஷ், யாருக்கு எது சௌகரியமோ அது. எழுதத் தெரியாத அக்கா ஒருவருக்குப் பேத்தி எழுதிக் கொடுத்தாள், தைத்தது அவர்தான். இன்னொருவர், "என் பேர் வெளியே வந்தால் வீட்டில் பிரச்சினை" என்றார். கட்டாயப்படுத்தக் கூடாது இல்லையா? சின்ன வயதில் அம்மா கூப்பிட்ட செல்லப் பெயரைத் தைத்திருக்கிறார். அது எது என்று நான் காட்டப் போவதில்லை.

குழுவாகத் துணி வேலை செய்ய நினைப்பவர்களுக்கு நாலு விஷயம் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்டீர்கள். பழைய புடவை எடுத்தால் முதலில் சாயம் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சிவப்பு, கருநீலம் இரண்டும்தான் பெரிய ஆபத்து. எங்களுக்கு ஒரு அம்மாவின் சிவப்புச் சுங்குடிப் புடவை வந்தது, அத்தனை அழகு, ஆனால் தொட்டதும் சாயம் விட்டது. எத்தனை முறை அலசியும் நிற்காததால், பக்கத்தில் கறுப்புத் துணி மட்டும் வரும் கட்டத்துக்கு அதை ஒதுக்கினோம். மாட்டுவதற்கு ஆணி அடிக்கவே அடிக்காதீர்கள். பின்பக்கம் மேல் விளிம்பில் நீளமாக ஒரு துணிக் குழாய் தைத்து, அதற்குள் கம்பியோ மரப்பட்டையோ நுழையுங்கள். எடை எல்லா இடத்திலும் சமமாக இறங்கும். வெயில் நேராகப் படும் சுவர் வேண்டாம். மியூசியங்களில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள், அவ்வளவு மங்கல். நம்மால் அது முடியாவிட்டாலும் ஜன்னலுக்குத் திரை போடலாம். கழற்றிய பிறகு மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மடிப்பு விழுந்த இடத்தில்தான் துணி முதலில் நைந்துபோகும்.

இன்னொரு கேள்வி வந்தது: விற்பீர்களா? இதை விற்க மாட்டோம். கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஒருவர் கேட்டார், அதற்கும் முடியாது என்றுவிட்டோம். வேறு ஊரில் வைக்க யாராவது கேட்டால் கொடுப்போம். ஒரே நிபந்தனைதான், இந்தப் பெயர்ப் பட்டை துணியின் பக்கத்திலேயே, கண் உயரத்தில் தொங்க வேண்டும். இதை எழுதியே வாங்கிக்கொள்வோம்.

சரி மக்களே, அக்காமார்கள் கூப்பிடுகிறார்கள், குழாய் தைக்கும் வேலை இன்னும் பாதி இருக்கிறது. அடுத்த துணிக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை, ஆனால் காட்டன் புடவை வேண்டும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, துவைத்துக் கொடுங்கள். யாருடைய புடவை என்று ஒரு சீட்டில் எழுதிப் பின் குத்தி அனுப்புங்கள், அந்தப் பெயரும் பட்டையில் ஏறும்.