கேமில் நீங்கள் தோற்பதற்கு டிவிதான் காரணமா? சின்ன டிவி வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

வணக்கம் மக்களே! டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டி, அதாவது கன்சோல், பிஎஸ்4 வாங்கியாச்சு, ஃபுட்பால் கேமும் போட்டாச்சு. ஆனால் பந்து வலைக்குள் போன பிறகுதான் உங்கள் கோல்கீப்பர் தாவுகிறான். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான். உங்கள் விரலில் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். பட்டனை அமுக்குவதற்கும் அது திரையில் தெரிவதற்கும் நடுவில் டிவி கொஞ்சம் நேரத்தை விழுங்குகிறது. அதற்குப் பெயர் இன்புட் லேக். சின்ன டிவிகளின் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்த எண் பெரும்பாலும் இருக்காது.

கடையில் நின்றபடியே, காசு செலவில்லாமல் அதை அளப்பது எப்படி என்று பின்னால் காட்டுகிறேன். உடனே ஓட்டிவிட்டு அங்கே போய்விடாதீர்கள், நடுவில் துப்பாக்கி எல்லாம் வருகிறது.

(திரையில்: மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடை, சுவர் முழுக்க டிவி ஓடுகிறது)

முதலில் அடிப்படை. கடையில் எல்இடி டிவி என்று சொல்வதும் எல்சிடிதான், பின்னால் எரிகிற விளக்கு மட்டும் எல்இடி. அடிப்படை முடிந்தது, விஷயத்துக்கு வருவோம்.

பெரும்பாலான சின்ன டிவிகள் நொடிக்கு 60 படம் காட்டும். அதாவது ஒரு படத்துக்குச் சுமார் 16.7 மில்லிசெகண்ட் (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லிசெகண்ட்). கன்சோலில் இருந்து வந்த படம் நேராகத் திரைக்குப் போனால் பிரச்சினையே இல்லை. ஆனால் மணமேடைக்குப் போக வேண்டிய மாப்பிள்ளையைப் போட்டோகிராபர் வழியிலேயே மடக்கி வைப்பாரே, அதுபோல டிவி அந்தப் படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நிறத்தை ஏற்றும், ஓரங்களைக் கூர்மையாக்கும், புள்ளிகளை அழிக்கும். இதில் பெரிய வில்லன், அசைவை வழவழப்பாக்கும் வசதி. சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் மாறும், வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தை டிவியே கணக்குப் போட்டு உருவாக்கும். நடுப்படத்தை உருவாக்க வேண்டும் என்றால் அடுத்த படம் கையில் இருக்க வேண்டும், இல்லையா? அது வரும்வரை காத்திருக்கும். சீரியலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கேமில் அந்தக் காத்திருப்புதான் நீங்கள் வாங்கிய கோல்.

கேம் மோட் என்ற ஆப்ஷன் இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடும். அது இல்லாமல் 60, 100 மில்லிசெகண்ட் என்று தாமதமாகிற டிவி, அதைப் போட்டதும் 20க்குப் பக்கத்தில் இறங்கி வரலாம். அதனால் குறைந்த விலை டிவியில் நான் பார்க்கிற முதல் விஷயமே மெனுவில் கேம் மோட் இருக்கிறதா என்பதுதான்.

சரி, துப்பாக்கி. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள் கையைத் தூக்குங்கள். கேசட் செருகுகிற டிவி கேம், கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, திரையில் பறக்கிற வாத்து. நிண்டெண்டோவின் ஃபாமிகாம் ஜப்பானில் 1983இல் வந்தது. நம் தெருவில் சுற்றிய பெட்டிகளில் பெரும்பாலானவை அதன் நகல்கள்தான். அந்தத் துப்பாக்கியில் இருந்து எதுவோ கிளம்பித் திரையில் படுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். உண்மை அப்படியே தலைகீழ். துப்பாக்கி எதையும் அனுப்பவில்லை, அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது! குழலுக்குள்ளே வெளிச்சத்தை உணர்கிற ஒரு சின்ன சென்சார். விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கருப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று தோன்றும். துப்பாக்கி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழுந்தது. இரண்டு வாத்து பறந்தால்? ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கட்டம் காட்டும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எது விழுந்தது என்று தெரிந்துகொள்ளும். குண்டு பல்பைப் பார்த்துச் சுட்டு ஏமாற்றலாம் என்றால் அதுவும் நடக்காது. பல்பு அந்தக் கருப்புக் கணத்தில் அணையாதே! மாட்டிக்கொள்வீர்கள். எனக்கு இது எப்போது சொன்னாலும் அலுக்காது.

இதை எதற்கு இவ்வளவு நீட்டினேன்? அந்தத் துப்பாக்கியையும் பெட்டியையும் பரணில் இருந்து இறக்கி இன்றைய எல்இடி டிவியில் மாட்டுங்கள். கேம் ஓடும், வாத்தும் பறக்கும். ஒன்றுகூட விழாது. பழைய பிக்சர் ட்யூப் டிவி, சிக்னல் வரவர அதைத் திரையில் வரைந்துவிடும். சேர்த்து வைத்து அலங்காரம் செய்யாது. புதிய டிவி வெள்ளைக் கட்டத்தைக் காட்டுவதற்குள் துப்பாக்கி பார்ப்பதை நிறுத்தியிருக்கும். நீங்கள் தடுக்க முடியாமல் போன கோலும் அந்த விழாத வாத்தும் ஒரே ரகம்.

(திரையில்: லேப்டாப்பும் டிவியும் பக்கத்தில் பக்கத்தில்)

இப்போது அளக்கும் வழி. ஒரு லேப்டாப், படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகிற ஒரு எச்டிஎம்ஐ கேபிள், கேமரா உள்ள போன், அவ்வளவுதான். லேப்டாப்பை டிவியில் மாட்டி இரண்டு திரையிலும் ஒரே படம் வருகிற மாதிரி வையுங்கள். மில்லிசெகண்ட் காட்டுகிற ஸ்டாப்வாட்ச் ஒன்றை ஓடவிட்டு, இரண்டு திரையும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுங்கள். லேப்டாப் எண்ணில் இருந்து டிவி எண்ணைக் கழித்தால் டிவி எவ்வளவு பிந்துகிறது என்று தெரியும். லேப்டாப் திரைக்கும் கொஞ்சம் தாமதம் உண்டு, அதனால் இது சுத்தமான அளவு கிடையாது. ஆனால் இரண்டு டிவியை ஒப்பிடப் போதும். ஒரு போட்டோவை நம்பாமல் நாலைந்து எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் 30 மில்லிசெகண்டுக்குள் என்றால் தாராளமாக வாங்கலாம். 70ஐத் தாண்டினால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த டிவிக்குப் போங்கள்.

கடையில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "அண்ணே, ஒரு நிமிஷம் மாட்டிப் பாத்துக்கிறேன்ணே" என்றால் மதுரையில் யாரும் விரட்ட மாட்டார்கள். "அதெல்லாம் சூப்பரா ஓடும் தம்பி, ஃபோர்கேவே ஓடுது" என்று பதில் வரும். சிரித்துக்கொண்டே கேபிளைச் செருகுங்கள். ஒரு எச்சரிக்கை: காட்சிக்கு வைத்த டிவி, கடைக்கென்றே உள்ள ஸ்டோர் மோடில் இருந்தால் நீங்கள் மாற்றியதைக் கொஞ்ச நேரத்தில் அதுவே பழையபடி ஆக்கிவிடும். கேம் மோட் போட்ட கையோடு போட்டோ எடுங்கள்.

அப்புறம் துல்லியம், அதாவது திரையில் எத்தனை புள்ளிகள் என்பது. 32 அங்குலத்தில் எச்டி ரெடி என்று ஒட்டியிருப்பவை பெரும்பாலும் அகலத்தில் 1366, உயரத்தில் 768 புள்ளிகள். ஃபுல் எச்டி 1920க்கு 1080, ஏறக்குறைய இரண்டு மடங்கு புள்ளிகள். கன்சோல் அனுப்புவதோ உயரத்தில் 720 அல்லது 1080. இந்த 768 இரண்டோடும் ஒட்டாது, அதனால் டிவி இழுத்துச் சுருக்கித்தான் காட்டும். கேமில் வருகிற பொடி எழுத்து அதில் மங்கும். நாலு, ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் ஃபுல் எச்டிதான் பார்க்க வேண்டும். எட்டடி தள்ளிக் கட்டிலில் சாய்ந்து ஆடுகிறவர் எச்டி ரெடி வாங்கி, மிச்சக் காசில் இன்னொரு கன்ட்ரோலர் வாங்கலாம்.

நம் கடைகளில் 32 அங்குலம் இப்படிக் குவிந்து கிடப்பதில் வரிக்கும் பங்கு உண்டு. 2019 ஜனவரி முதல் 32 வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேலே போனால் 28. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் 18 ஆகிவிட்டது. இந்தக் குறைப்பு அப்படியே விலையில் வந்தால் 43 அங்குலம் சுமார் எட்டு சதவீதம் மலியும். ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ, போர்டில் இருக்கிற விலையைப் பழைய விலையோடு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

வெளிச்சத்தையும் இருட்டையும் தூக்கலாகக் காட்டும் என்கிற எச்டிஆர் ஸ்டிக்கரா? இந்த விலையில் அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அதற்கேற்ற வெளிச்சம் திரையில் இருக்காது. விடுங்கள்.

தனியாக மேஜையில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், டிவி ரசிகர்கள் அடிக்க வராதீர்கள்: 24 அங்குல கேமிங் மானிட்டரையும் பாருங்கள். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் ஆகிய இரண்டு கன்சோல்களும் 1080இல் நொடிக்கு 120 படம் அனுப்பும், அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கிற மானிட்டர்கள் உண்டு. 32 அங்குல டிவியில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது. அம்மா சீரியல் பார்க்க வந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் என்னிடம் பதில் கிடையாது.

இன்று ராத்திரியே உங்கள் டிவியை அளந்துவிட்டு, மாடல் பெயர், கேம் மோட் போடும் முன் வந்த எண், போட்ட பின் வந்த எண் மூன்றையும் கமெண்டில் போடுங்கள். நூறு பேர் போட்டால் மதுரைக் கடைகளில் கிடைக்கிற டிவிகளுக்கு நாமே ஒரு பட்டியல் போட்டுவிடலாம். சப்ஸ்கிரைப் பட்டனும் அங்கேதான் இருக்கிறது. அதில் லேக் எதுவும் இல்லை, தைரியமாக அமுக்குங்கள்.