பொம்மைக்குப் புடவையைத் தைக்காதீர்கள், கட்டுங்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி. ஒரு சாண் உயரம். கொலுவில் மேல்படியில் நிற்கும் ஜோடியில் இவள் ஒருத்தி. வருஷா வருஷம் இவளுக்கு நாம் என்ன செய்கிறோம்? ஜரிகைத் துணியை வெட்டி, முன்னால் நாலு மடிப்பு வைத்துத் தைத்து, பின்னால் ஒரு குண்டூசி குத்தி நிற்க வைத்துவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன்.

என் பாட்டியின் பழைய போட்டோ ஒன்று உண்டு. கட்டம் போட்ட கண்டாங்கி, கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. முன்பக்கம் மடிப்பே இல்லை. அது பின்கொசுவம். அந்த உடுப்பில் ஒரு பொம்மை செய்ய ஆசைப்பட்டேன். எப்படிக் கட்டுவது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. இரண்டு தலைமுறைக்குள் கைவிட்டுப் போயிருந்தது.

கடைசியில் காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் சொல்லிக் கொடுத்தார். நான் தைத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “இதை ஏன் ஆத்தா தச்சு வச்சிருக்க? புடவைன்னா கட்டணும்” என்றார். பழைய வேட்டியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தார். கத்தரிக்கோல் கேட்கவில்லை. கிழித்தால்தான் நூல் நேராகப் போகும். ஒரு முனையில் சின்னச் சின்னதாகக் கொசுவம் வைத்து, பொம்மையின் முதுகுப் பக்கம் இடுப்பில் நிறுத்தி, மீதித் துணியைச் சுற்றிக் கொண்டுவந்து அதன்மேல் இறுக்கினார். இறுக்கியதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கொசுவத்தின் தலையை வெளியே மடித்துவிட்டதும் விசிறி போல விரிந்தது. அப்புறம் முந்தானையை இடது தோளில் போட்டு, முனையை இடுப்பில் செருகினார். ஊசி நூலே தேவைப்படவில்லை. என் பாட்டி எப்படி நின்றிருப்பாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சரி, அளவு விஷயத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கும் 11.5 அங்குலப் பொம்மை ஏறத்தாழ மனித உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. அப்படியென்றால் ஐந்தரை மீட்டர் புடவை 92 சென்டிமீட்டர் ஆகும், அகலம் 20 சென்டிமீட்டர். கணக்கு சரிதான். கட்டிப் பாருங்கள், இடுப்பில் பொதி கட்டினது போல இருக்கும். நீள அகலத்தைக் குறைத்தோம், துணியின் தடிமன் குறையவில்லையே. இன்னொன்று, நம் புடவை அதன் எடையாலேயே கீழே விழுந்து படிகிறது. கையகலத் துணியில் அந்த எடை கிடையாது, விறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் முந்தானை அட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஆகவே புதுத் துணி வேண்டாம். துவைத்துத் துவைத்து நைந்த மல் துணி, பழைய வேட்டி, கிழிந்த பட்டின் மெல்லிய உடல்பகுதி, இவைதான் நமக்கு ஆகும். நீளத்தை 65 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏழு கொசுவத்துக்குப் பதில் நாலு போதும். துணியை ஈரமாக்கிக் கொசுவத்தைக் கிளிப்பில் பிடித்து ஒரு இரவு காயவிடுங்கள், படிந்து நிற்கும். பசை மட்டும் போடாதீர்கள். கறை பிடிக்கும், மொரமொரப்பாகிவிடும், மறுபடி அவிழ்த்துக் கட்டவும் முடியாது.

டிசைனும் சுருங்க வேண்டும். ஓர் அங்குலக் கட்டம் பொம்மையில் 4 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். பொடிக்கட்டக் கைக்குட்டை கிடைத்தால் அதுவே கண்டாங்கி. காஞ்சிபுரப் பட்டுக்கு வேறு நிறத்தில் கரை ஒட்டுப் போடுவது ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓடுகிறது, தறியிலேயே இரண்டையும் கோத்துத்தான் நெய்கிறார்கள். நாம் அந்த இணைப்பை ஊசியால் செய்கிறோம், அவ்வளவுதான். நான் ஊசி எடுப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

மடிசார்தான் கஷ்டம். காலுக்கு நடுவே துணி போக வேண்டும், மரப்பாச்சிக்கோ பெரும்பாலும் கால்கள் ஒட்டியே இருக்கும். அதற்குக் கம்பி வைத்த துணிப் பொம்மைதான் சரி. அதில் கட்டும்போது ஐயர் கட்டா ஐயங்கார் கட்டா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஐயர் கட்டில் தலைப்பு வலது தோளில், ஐயங்கார் கட்டில் இடது தோளில். தோள் மாறினால் ஆளே மாறிவிடும்.

டெல்லிக்குப் போகிறவர்கள் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் பல மாநிலங்களின் உடைகளில் அங்கே பொம்மைகள் நிற்கின்றன. நான் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து குனிந்து ஒவ்வொன்றின் இடுப்பையும்தான் பார்த்தேன், எங்கே செருகியிருக்கிறார்கள் என்று.

இதோ, இவள் புடவையை அவிழ்க்கிறேன். பாருங்கள், ஒரே துண்டு, ஒரு தையல்கூட இல்லை. முன்வரிசையில் இருக்கிற அம்மா, நீங்கள் மேலே வாருங்கள். இவளுக்கு நீங்களே கட்டிவிடுங்கள். கொசுவம் பின்னால்.