கெர்னல் எழுத எந்த மொழி?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருஷ புராஜெக்ட் பற்றிப் பேச வருவார்கள். அதில் ஒருவராவது கேட்டுவிடுவார்: "சார், சொந்தமா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதலாம்னு இருக்கோம். எங்களுக்குப் பைத்தான் நல்லா வரும், அதிலேயே எழுதிடலாமா?" ஆசை பெரிசுதான். கேள்வியும் நல்ல கேள்விதான்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின், உட்கரு. எந்த ஆப் எப்போது ஓடலாம், யாருக்கு எவ்வளவு நினைவகம், திரையைத் தொட்டால் அந்தச் சேதி யாருக்குப் போக வேண்டும், எல்லாம் அதன் பொறுப்பு. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல்.

பைத்தானில் எழுதிய ஒரு வரி ஓட வேண்டுமென்றால் அதைப் படித்து நிறைவேற்ற அடியில் ஓர் இன்டர்பிரட்டர் வேண்டும். அந்த இன்டர்பிரட்டர் நினைவகம் கேட்டால் கொடுக்க, கோப்பைத் திறந்துதர ஒரு கெர்னல் வேண்டும். நாம் எழுதப்போவதே அந்தக் கெர்னல்தானே! கரண்ட் இழுக்காத மனைக்கு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனால் சட்னி அரைபடாது, அம்மிதான் வேண்டும். ஆகவே வேகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இந்த மொழி தனக்கு அடியில் என்னென்ன இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது? முதலில் அதைக் கேளுங்கள்.

சி மொழி அநேகமாக எதையும் நம்பியில்லை. அடுக்கு நினைவகம், அதாவது ஸ்டாக், ஒன்றை அமைத்துக் கொடுத்தால் ஓடத் தொடங்கிவிடும். திரையில் அச்சிட பிரின்ட்எஃப், நினைவகம் கேட்க மேலாக் என்று கல்லூரியில் பழகியவை மட்டும் கிடைக்காது, அவை ஆயத்த நிரல் நூலகத்தின் சரக்கு. லினக்ஸ் கெர்னல் தனக்கென்று பிரின்ட்கே, கேமேலாக் என்று சொந்தமாக வைத்திருக்கிறது. இயந்திரம் கண் விழிக்கும் முதல் சில வரிகளும், ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தாவும் இடமும் அசெம்பிளியில், அதாவது இயந்திர மொழிக்கு மிக நெருங்கிய மொழியில்தான் வரும். எந்த மொழியை எடுத்தாலும் அதிலிருந்து முழுசாகத் தப்ப முடியாது.

1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளம் முதலில் முழுக்க அசெம்பிளிதான். 1973இல் அதை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். மனிதர் படிக்கத் தோதான உயர்நிலை மொழியில் எழுதிய முதல் இயங்குதளம் அதுதான் என்று பலர் சொல்கிறார்கள். சரியில்லை. பரோஸ் என்ற கணினி நிறுவனம் 1960களின் தொடக்கத்திலேயே அல்கால் வகை மொழியில் செய்துவிட்டது.

சி மொழியின் சங்கடம் வேறு. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி தொட்டாலும், அணியின், அதாவது அர்ரேயின், எல்லையைத் தாண்டி எழுதினாலும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பெரும்பாலும் வாயைத் திறக்காது. சாதாரண ஆப்பில் இது நடந்தால் அந்த ஆப் சாகும். கெர்னலில் நடந்தால் இயந்திரமே படுத்துவிடும், அல்லது வெளியாள் ஒருவன் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான். தங்கள் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த நினைவகச் சமாச்சாரம்தான் என்று 2019இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது.

வேண்டாத நினைவகத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும் 'குப்பை சேகரிப்பு' உள்ள மொழியில் எழுதினால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். எம்.ஐ.டி.யில், நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவில் இருப்பது, 2018இல் கோ மொழியில் பிஸ்கட் என்றொரு கெர்னலை வெளியிட்டார்கள். நன்றாகவே ஓடியது. ஒரே வேலையைச் செய்யும் சி நிரலோடு ஒப்பிட்டால் 5 முதல் 15 சதவீதம் மெதுவு. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஆனால் கோ மொழியின் ரன்டைமை, அதாவது நிரல் ஓடும்போது அடியில் துணை நிற்கும் நிரலை, முதலில் வெறும் வன்பொருள் மேல் நிறுத்தியாக வேண்டும். அதுவே ஒரு தனி புராஜெக்ட்.

ரஸ்ட் என்ற மொழி இங்கேதான் வருகிறது. நினைவகம் யார் கையில், எதுவரை என்ற கணக்கை நிரல் ஓடும்போது பார்க்காமல் கம்பைல் ஆகும்போதே பார்த்துவிடுகிறது. அதனால் அடியில் ரன்டைம் தேவையில்லை. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1இல் அதற்கு இடம் கிடைத்தது. வன்பொருளை நேரே தொடும் இடங்களில் 'அன்சேஃப்', அதாவது பாதுகாப்பில்லாதது, என்று எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆபத்து எந்த வரிகளில் என்று தேடுகிறவனுக்கு அது அடையாளம்.

சி++ பற்றியும் கேட்பீர்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அண்டவிடவில்லை. கூகுளின் சிர்கான் கெர்னலோ அந்த மொழியில்தான் இருக்கிறது. உங்களுக்குப் பிறகு அந்த நிரலை யார் படித்துத் திருத்தப் போகிறார்கள் என்பதும் மொழியைத் தீர்மானிக்கிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விற்பனைக்கென்று இன்று புதிதாக ஒரு கெர்னல் தொடங்கினால் ரஸ்டில் தொடங்குவேன். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு சி மொழியைத்தான் சொல்வேன். படிக்கக் கிடைக்கும் கெர்னல்களில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் வண்டிக்குள் போகும் சின்னச் சின்ன சிப்புகளுக்கு நிரல் எழுதும் வேலைக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

அதே அமெரிக்க எம்.ஐ.டி. தன் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற குட்டிக் கெர்னல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கணினியை மென்பொருளாகவே நடித்துக்காட்டும் கியூஎமு இருந்தால் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். முதல் வாரம் அதன் தொடக்கக் கோப்பை மட்டும் படியுங்கள். அப்புறம் எழுத்துகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும் சீரியல் போர்ட்டின் முகவரியில் ஒரு பைட் எழுதி, திரையில் ஓர் எழுத்தை வரவழையுங்கள். அது வந்துவிட்டால் அடுத்தது டைமர் இன்டரப்ட், அதாவது குறித்த நேரத்துக்கு ஒருமுறை வன்பொருள் கெர்னலைத் தட்டிக் கூப்பிடுவது. பாதிப் பேர் திணறும் இடம், அவசரப்படாதீர்கள்.

வணக்கம்.