மாதம் 4 வெள்ளி 75 காசுக்கு ஒரு பாத்தி! | கம்போங் அட்மிரல்ட்டி மாடித் தோட்டம்

சரி மக்களே, வந்துவிட்டேன். மாடித் தோட்டம் என்றாலே எரிச்சல் என்று போன காணொளியில் சொன்னதற்கு என்னை வறுத்தெடுத்துவிட்டீர்கள். இப்போதும் அதையேதான் சொல்வேன். நாலு புல், ரெண்டு பனை, 'தொடாதீர்' என்று ஒரு பலகை, இதெல்லாம் தோட்டமா? கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் ஜிலேபி மாதிரி, பார்க்கத்தான் முடியும்.

ஆனால் இது வேறு ரகம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம், அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிற கம்போங் அட்மிரல்ட்டி. கீழே உணவங்காடி, அதற்கு மேலே மருத்துவ நிலையம், மூத்தோருக்கு 104 வீடுகள், எல்லாம் சேர்த்து 11 மாடி. பூங்கா அப்படியே படிப்படியாக மேலே ஏறிப் போகிறது. 2018-இல் உலகின் சிறந்த கட்டடம் என்று விருது வாங்கியது இதுதான். விருது கிடக்கட்டும், இங்கே குடியிருப்பவர்களே காய்கறி போடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிசு.

இதோ பாருங்கள், கத்தரி. அந்த ஓரத்தில் பாண்டான், அதாவது ரம்பை இலை. அப்புறம் இது! கறிவேப்பிலை! நான் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்த ஒரு சீன ஆண்ட்டி, "கறி லீஃப், டேக், டேக்" என்று ஒரு கொத்தை ஒடித்துக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். இலவசமாக! கடையில் வாடிப்போன நாலு காம்பைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் காசு வாங்குகிறார்களே, அவர்கள் இதை முகர்ந்து பார்க்க வேண்டும்.

அய்யோ, ஒன்று விட்டுப்போச்சு. மேலே ஏறும்போதே சொல்ல நினைத்தேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு வந்து டெங்கியைக் கொடுத்துவிட்டுப் போகும். மாடியில் முருங்கை வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேர் இறங்க ஆழம் வேண்டும், ஆழமாக மண் போட்டால் கட்டடம் எடை தாங்க வேண்டும். கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நமக்கு இங்கே வீடு இல்லையே, என்ன செய்வது? தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் பாத்தி வாடகைக்குத் தருகிறது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்று ஆண்டு வரை வைத்துக்கொள்ளலாம். திட்டம் தொடங்கியபோது ஆண்டு வாடகை 57 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஜிஎஸ்டி தனி. 57-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 4 வெள்ளி 75 காசு. ஒரு பபுள் டீ! நீங்கள் உறிஞ்சித் தூக்கிப் போடுகிற ஒரு பபுள் டீ காசில் ஒரு மாதம் முழுக்க நிலம்! எனக்கு அந்த டீயில் போடுகிற ஜவ்வரிசி உருண்டையே பிடிக்காது, அது உங்களுக்கே தெரியும்.

ஆனால் கேட்டதும் கிடைக்காது, குலுக்கல். நான் பெயர் கொடுக்கப் போகிறேன். விழுந்தால் முதலில் வெண்டையா, புடலையா? சொல்லுங்கள். பாகல் என்று மட்டும் யாரும் வராதீர்கள்.