ஒகேனக்கல் வரைக்கும் 46 கிலோமீட்டர்: வசூலை எப்படிப் பண்றது?

வணக்கம்ங்க. தர்மபுரியில இருந்து ஒகேனக்கலுக்கு சைக்கிள்ல போறோம், அதை வச்சு ஒரு அரசுப் பள்ளிக்கு நிதி சேர்க்கணும். இந்த வீடியோவுல வசூலைப் பத்தித்தான் பேசப் போறோம். சைக்கிளைப் பத்தி கடைசியில ரெண்டு வார்த்தை சொல்றேன்.

முதல்ல பொருளை முடிவு பண்ணுங்க. "ஏழைப் பிள்ளைங்க படிப்புக்கு"ன்னு பொதுவா கேட்டா ஐம்பது, நூறுன்னு கொடுத்து அனுப்பிடுவாங்க. "ஆறாம் வகுப்புக்கு பெஞ்சு டெஸ்க்"னு சொன்னா கேக்கறவங்களுக்கு ஒரு உருவம் கிடைக்குது. தலைமை ஆசிரியரைப் பார்த்து என்ன வேணும்னு கேளுங்க. நீங்களா முடிவு பண்ணி வாங்கிட்டுப் போனா, ஏற்கெனவே இருக்கற பொருளே ரெண்டாவதா போய் ஸ்டோர் ரூம்ல கிடக்கும். ரெண்டு கடையில கொட்டேஷன் வாங்கி, ஜிஎஸ்டி, வண்டி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்துத் தொகை போடுங்க. வாடகையை மறந்தா உங்க கைக்காசு போகும்.

பணம் எந்தக் கணக்குக்கு வரணும்? உங்க சொந்தக் கணக்குக்கு வேண்டாம். சொந்தக்காரங்க அல்லாதவங்ககிட்ட இருந்து வருஷத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல வந்தா, அது உங்க வருமானம்னு வரிக் கணக்குல சேரும். பள்ளி மேலாண்மைக் குழு கணக்கு இருந்தா அதுக்கே போகட்டும். இல்லைன்னா அரசு 2022 டிசம்பர்ல தொடங்கின 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியா பள்ளியைத் தேர்வு பண்ணிக் கொடுக்கலாம். டிரஸ்ட் வழியா போறீங்கன்னா, நன்கொடை கொடுக்கறவங்களுக்கு வரிச்சலுகை கிடைக்கற 80ஜி பதிவு இருக்கான்னு பாருங்க. அந்த வரிச்சலுகை பழைய வரிமுறையில இருக்கறவங்களுக்கு மட்டும்தான். ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா அவங்களுக்கும் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்ட நண்பர் அனுப்பறேன்னு சொன்னா, எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோட துபாய்ல வேலை பார்க்கறவர் வங்கி வழியா அனுப்பினா அந்தப் பிரச்சினை வராது.

இனி கேக்கற முறை. தூரம் சுமார் 46 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் 1,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. ஒரு சார்ட்ல 46 கட்டம் போட்டு, வித்த கட்டத்துல பேர் எழுதி தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைங்க. முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் சீக்கிரம் போயிடும், நடுவுல இருக்கறதுதான் தேங்கும். அதுக்கு வழி, ரோடு எந்த ஊரைத் தாண்டிப் போகுதோ அந்த ஊர்க்காரங்ககிட்ட அந்தக் கிலோமீட்டரை விக்கறது. இண்டூர் கட்டம் இண்டூர்க்காரங்களுக்கு, சுமார் முப்பதாவது கிலோமீட்டர்ல வர்ற பென்னாகரம் பஜார் கட்டங்கள் அங்கிருக்கற கடைக்காரங்களுக்கு. "உங்க ஊர் வாசல்ல போற கிலோமீட்டர் இன்னும் காலியா இருக்குதுங்க"ன்னு கேட்டா, அதை வேற ஊர்க்காரங்களுக்கு விட மனசு வராது. முழுசா முடியாதவங்க ரெண்டு பேர் சேர்ந்து ஆளுக்கு 500 போடலாம்.

இப்ப நம்ம மொய்யை நினைச்சுப் பாருங்க. 500 வைக்க மாட்டோம், 501 வைப்போம். அந்த ஒத்தை ரூபாய் பழக்கத்தை இங்க கணக்குக்குப் பயன்படுத்தலாம். பதினேழாவது கிலோமீட்டர் வாங்கினவர் 1,017 அனுப்பணும், முப்பத்தொண்ணு வாங்கினவர் 1,031. யுபிஐயில குறிப்பு எழுதுங்கன்னா பாதிப்பேர் எழுத மாட்டாங்க. தொகையே அடையாளமா இருந்தா ஸ்டேட்மென்ட்டைப் பார்த்ததும் எந்தக் கட்டம்னு தெரிஞ்சுடும். எல்லாக் கட்டமும் முழுசா போச்சுன்னா 46,000 கூட 1,081 ரூபாய் சேரும். வண்டி வாடகைக்கு அது உதவும். ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடுங்க, மொய் திரும்பி வரும், இது வராது.

குரூப்ல ஒரு மெசேஜைத் தட்டிவிட்டு உட்கார்ந்தா பணம் வராதுங்க, கட்டைவிரல் பொம்மைதான் வரும். பேர் சொல்லி, ஆளுக்கு ஆள், போன்ல கேளுங்க. சரின்னு சொன்ன அந்த நிமிஷமே க்யூஆரை அனுப்புங்க. "போயிட்டு வாங்க, அப்புறம் தர்றேன்"னா சாமர்த்தியமா மறுத்துடுங்க, ஒகேனக்கல் போய்ச் சேர்ந்ததும் எல்லாருக்கும் மறந்துடும். பணம் வந்தப்புறம்தான் கட்டத்துல பேர் எழுதணும். க்யூஆர் பார்வர்ட் ஆகி வர்றப்ப யாராவது மாத்தி வச்சுட முடியும். அதனால ஸ்கேன் பண்ணினதும் திரையில என்ன பேர் வரணும்னு மெசேஜ்லயே எழுதுங்க. பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் தேவையில்லைங்கறதையும் கூட வர்ற பசங்களுக்குச் சொல்லி வைங்க.

பெரியவங்க ரொக்கமாத்தான் தருவாங்க. வரிசை எண் போட்ட, அடிக்கட்டை இருக்கற ரசீது புத்தகம் வாங்குங்க. ரெண்டு பேரா போங்க, மறுநாளே வங்கியில கட்டிடுங்க. கணக்கெழுத மகளிர் குழுவுல ஒரு அக்காவைக் கேட்டுப் பாருங்க. தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989ல நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான் தொடங்குச்சு. கிருஷ்ணகிரியும் அப்ப இதே மாவட்டம்தான். குழு நோட்டு எழுதின கை தப்பு பண்ணாது. ஆனா குழுவுக்குத் தவணை கட்டற நாள்ல யார்கிட்டயும் நன்கொடை கேக்காதீங்க. கோயில் வரி தண்டற மாசமும் வேண்டாம். ஓசூர், பெங்களூர்ல வேலைக்குப் போறவங்களை சம்பளம் வந்த வாரத்துல கேளுங்க, மாந்தோப்பு வச்சிருக்கறவங்களை அறுவடைக் காசு கைக்கு வந்தப்புறம்.

தண்ணி, பனியன், முதலுதவிப் பெட்டிச் செலவை இந்தப் பணத்துல தொடாதீங்க. கடைக்காரங்ககிட்ட பொருளாவே வாங்கிக்கலாம்.

சைக்கிளுக்கு வருவோம். ஆடிப் பதினெட்டு சமயத்துல வைக்காதீங்க, ரோடு நிறைய வண்டி. காவல் நிலையத்துல முன்கூட்டியே தகவல் கொடுத்துடுங்க. பென்னாகரம் தாண்டினா காடு, யானை நடமாட்டம் உண்டு, விடிஞ்சப்புறம் கிளம்பி பொழுது சாயறதுக்குள்ள முடிங்க. கடைசி இறக்கத்துலதான் ஆள் விழறது. முந்தின நாளே பிரேக் கட்டையைப் பாருங்க, தேஞ்சிருந்தா மாத்துங்க.

திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள்ள பொருளை வாங்கி, பள்ளி பேர்ல பில் போட்டு, இருப்புப் பதிவேட்டுல ஏத்தச் சொல்லுங்க. பில்லையும் அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, 46 கட்டத்துல பேர் இருக்கற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்புங்க. பெஞ்சு படம் அதுக்கு அப்புறம் போனா போதும்.